மட்டக்களப்பில் சோடியாக புளூஸ் ஆடப் பழகுவது

புளூஸ் என்றதும் சோகப் பாட்டு என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். சோகம் அதில் இருக்கிறதுதான். ஆனால் அது ஆட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்த இசை. அமெரிக்காவின் தெற்கில், மிசிசிப்பிப் பக்கத்துப் பருத்தித் தோட்டங்களில் கிழமை முழுக்க முதுகு ஒடிய வேலை செய்த கறுப்பின மக்கள், சனிக்கிழமை இரவானால் ஜூக் ஜொயின்ட் எனப்பட்ட பலகைக் கொட்டில்களில் கூடுவார்கள். ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்து பாட, மற்றவர்கள் சோடி சோடியாக ஆடுவார்கள். பாடுபவர் தன் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், ஆடுபவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடந்தன. இது தெரியாமல் ஆடத் தொடங்கினால் முகத்தை வாடவைத்துக்கொண்டு நடிக்கத் தோன்றும். அது தேவையில்லை.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு இந்த ஆட்டத்தைத் தொடங்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பு நடனம் பழகியிருக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டை முழுதாக, இடையில் போனைத் தொடாமல் கேட்க முடிந்தால் போதும். இந்த ஆட்டத்தின் முக்கால் பங்கு கேட்பதுதான். முதலில் பாட்டைக் கேட்பது, பிறகு எதிரில் நிற்பவரின் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பது. ஸ்டெப் மனப்பாடம் செய்வதில் தொடங்கியவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் ஸ்டெப்புகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

முதலில் காது

முதல் கிழமை ஆட வேண்டாம். யூடியூப்பில் ஆட்டக் காணொளிகளையும் தேட வேண்டாம், பாடகரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஜிம்மி ரீடில் தொடங்கச் சொல்வேன். அவசரமே இல்லாத, சீரான தாளம் அவருடையது. அடுத்தது மடி வாட்டர்ஸ். 1943 இல் மிசிசிப்பியை விட்டு சிக்காகோவுக்குப் போனவர், அங்கே இரைச்சலான மதுக்கடைகளில் பாட்டுக் கேட்க வேண்டுமென்று மின்கிட்டாருக்கு மாறியவர். பி.பி. கிங்கின் மெதுவான பாட்டுகளில் குரலும் கிட்டாரும் மாறி மாறிக் கதைப்பது நன்றாகப் பிடிபடும். கொஞ்சம் பழகியதும் 1920களில் பெஸி ஸ்மித் பாடியவற்றுக்குப் போங்கள். பல பாட்டுகளில் ட்ரம்ஸ் இருக்காது, ஒரு பியானோ, சிலவேளை கோர்னட் என்ற சின்ன ஊதுகருவி ஒன்று, அவ்வளவுதான். தாளத்தை நீங்களே உள்ளே பிடித்துக்கொள்ள வேண்டும். ஜோன் லீ ஹூக்கர் எனக்கு மிகவும் பிடித்தவர், காலால் தரையைத் தட்டித் தட்டிப் பாடுவார். ஆனால் அவர் கணக்குக்குக் கட்டுப்படாமல் நினைத்த இடத்தில் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். எண்ணிப் பழகும் நாட்களில் அவரைத் தள்ளி வையுங்கள்.

என்ன எண்ணுவது? பெரும்பாலான புளூஸ் பாட்டுகள் பன்னிரண்டு பார்களில் சுற்றி வரும். பார் என்றால் தாளத்தின் ஒரு கட்டம். ஒரு பாருக்கு நான்கு அடி, அதாவது நான்கு தட்டு, ஆக ஒரு சுற்றுக்கு 48 அடி. முதல் நான்கு பாரில் ஒரு வரி, அடுத்த நான்கில் பெரும்பாலும் அதே வரி, கடைசி நான்கில் அதற்குப் பதில் மாதிரி வேறொரு வரி. ஒவ்வொரு நான்கு பாரிலும் பாடுபவர் பாதியளவுதான் பாடுவார். மிச்ச இடத்தில் கிட்டாரோ பியானோவோ மவுத் ஓர்கனோ பதில் சொல்லும். கூத்துப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே விளங்கும். வட்டக்களரியில் ஆடுபவர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடும்போது அவருக்கு ஆட இடம் கிடைக்கிறது இல்லையா, இங்கேயும் அந்தப் பதில் வரும் இடந்தான் ஆடுபவருக்குச் சொத்து.

நிமிடத்துக்கு 80 அடி போகும் பாட்டில் ஒரு சுற்று 36 வினாடி. நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அளவில்தான் பதிய முடியும், ஆகவே பாட்டு முடிவதற்குள் ஐந்து சுற்று வரும். காதில் இயர்போன் போட்டுக்கொண்டு காந்திப் பூங்காவில் காலை நடை போகிறீர்களா? அடிக்கு ஒரு எட்டாக நடந்து, சுற்று எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பிடியுங்கள். இரண்டு மூன்று நாளில் எண்ணாமலே தெரியும்.

இன்னொன்று. பல புளூஸ் பாட்டுகளில் ஒவ்வொரு அடிக்குள்ளும் ‘தகிட’ என்று மூன்று இருக்கும். ‘தகி’ சேர்ந்து நீளும், ‘ட’ குட்டையாக வந்து அடுத்த அடிக்குத் தள்ளிவிடும். இதைத்தான் ஷஃபிள் என்கிறார்கள். கைதட்டும்போது இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் தட்டுங்கள். நமக்கு ஒன்றில் தட்டித்தான் பழக்கம், முதல் சில நாட்கள் கை எதிர்க்கும்.

தனியாக, சுவருக்கு முன்னால்

பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்காலை இளக்கி நில்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பரதம் பழகியவர்களுக்கு அரைமண்டி தெரியும், மடித்து நிற்பது புதிதல்ல. ஆனால் இங்கே பாதங்கள் வெளிப்பக்கம் விரியாது, நேராக முன்னே பார்க்கும். மடிப்பும் குறைவு. இடுப்பு சற்றுப் பின்னே, நெஞ்சு சற்று முன்னே, பாரம் பாதத்தின் முன்பகுதியில். யாரோ தூக்கிப் பிடித்த மாதிரி நிமிர்ந்து மேலே போக வேண்டாம், தரையோடு இருங்கள்.

இப்போது பாட்டைப் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வழியாக ஒருமுறை சிறிதாக இறங்கி எழும்புங்கள். பல்ஸ் என்று இதைச் சொல்வார்கள். கால் நகராமல் நின்றாலும் இது நிற்காது. முழுப் பாட்டுக்கும் இதை மட்டும் செய்யுங்கள். சலிப்பாக இருந்தால் பாட்டைக் கேட்கவில்லை என்று அர்த்தம். பிறகு இந்தப் பல்ஸோடு பாரத்தை இடக்காலுக்கும் வலக்காலுக்குமாக மாற்றுங்கள், பக்கத்தில் ஒரு எட்டு வைத்து மற்றக் காலைச் சேர்த்துத் தொடுங்கள், முன்னே நடங்கள், பின்னே நடங்கள். தொடங்குபவருக்கு இவ்வளவுதான் ஸ்டெப்.

இதற்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வடக்கத்திய நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் 1920களில் நியூயோர்க்கின் ஹார்லெம் போன்ற இடங்களில் வீட்டு வாடகைக்காகவே விருந்து வைத்தார்கள். வருபவரிடம் சில்லறை வாங்கி, சின்ன அறையில் பியானோ வாசிக்க, நெருக்கியடித்து ஆடினார்கள். அப்படிப்பட்ட இடங்களில் ஆடிய ஸ்லோ டிராக் என்ற ஆட்டத்தில் நின்ற இடத்தை விட்டு நகர்வதே குறைவு. நம் வீட்டு விறாந்தை தாராளம்.

கையைக் கையில் வைப்பது

சோடியில் ஒருவர் லீட், அதாவது வழிகாட்டுபவர், மற்றவர் ஃபொலோ, அதைப் பின்தொடர்பவர். ஆண்தான் லீட் என்ற சட்டம் இன்று இந்த ஆட்டத்தில் இல்லை. இரண்டு பெண்கள் ஆடலாம், இரண்டு ஆண்கள் ஆடலாம், தாயும் மகளும் ஆடலாம். இரண்டு பக்கத்தையும் பழகியவர்தான் நன்றாக ஆடுகிறார் என்பது என் அனுபவம்.

எதிரெதிரே ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். லீட் உள்ளங்கையை மேல்நோக்கி, இடுப்புக்குச் சற்று மேலே நீட்டட்டும். ஃபொலோ தன் விரல்களை அதன்மேல் கொளுவட்டும். பெருவிரலால் அமுக்க வேண்டாம், இரண்டு பேருமே. முழங்கை உடம்புக்கு முன்னால் சற்று மடிந்திருக்கட்டும். இந்த இடத்தில் கை எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. வாவியில் தோணியிலிருந்து தூண்டில் போட்டவர் நூலை விரலில் வைத்திருப்பாரே, அந்த அளவு. தொய்ந்தால் மீன் கொத்துவது தெரியாது, இழுத்துப் பிடித்தாலும் தெரியாது.

முதல் பாட்டுக்கு நகர வேண்டாம். கைகோத்தபடி பல்ஸை மட்டும் செய்யுங்கள். இருவரின் இறக்கமும் ஒன்றாகும் வரை காத்திருங்கள், சிலருக்குப் பாதிப் பாட்டு போய்விடும். இரண்டாம் பாட்டில் ஃபொலோ விரும்பினால் கண்ணை மூடட்டும். லீட் தன் பாரத்தை மெல்ல ஒரு காலுக்கு மாற்றட்டும். கையால் தள்ளவோ இழுக்கவோ கூடாது. உடம்பு போனால் கை தானாகச் செய்தி சொல்லும். ஃபொலோ அதை உணர்ந்த பிறகு, அவசரப்படாமல், தன் பாரத்தை மாற்றட்டும். கொஞ்சம் பிந்தி வந்தால் குற்றமில்லை. அடியின் வாலைப் பிடித்துப் பிந்தி வருவது புளூஸில் ஒரு அழகு. நன்றாக ஆடுபவர்கள் வேண்டுமென்றே பிந்துவார்கள்.

ஃபொலோ என்றால் சொன்னதைச் செய்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். லீட் ஒரு திசையைக் காட்டுகிறார். அந்தத் திசைக்கு எப்படிப் போவது, எவ்வளவு நேரம் எடுப்பது, போகும் வழியில் தோளை எப்படி அசைப்பது என்பதெல்லாம் ஃபொலோவின் கையில். லீட் அதைக் கவனித்து அடுத்ததை அதற்கேற்ப வைக்க வேண்டும். இப்படிக் கதை இரண்டு பக்கமும் போய் வரத் தொடங்கும் நொடியில் ஒரு சந்தோசம் வரும். அதை உணர்ந்தவர் பிறகு ஆட்டத்தை விடுவதில்லை.

கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஐம்பது கடந்த தம்பதி ஒன்று பழகியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாடகர் வாயைத் திறந்ததும் கணவர் காலை எடுத்து வைத்துவிடுவார். மூன்றாம் முறை மனைவி அவருடைய உள்ளங்கையில் சுட்டுவிரலை மட்டும் மெல்ல அழுத்தினார். “இஞ்சருங்க, பொறுங்க. அந்தக் கிட்டார் முடியட்டும்.” அவர் நின்றார். கிட்டார் தன் பதிலைச் சொல்லி முடித்தது. அடுத்த வரியின் முதல் அடியில் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு எட்டு வைத்தார்கள். ஸ்டெப் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிற்பதையும் ஒரு ஸ்டெப்பாகப் பழகுங்கள். சுற்றுவதையும் சுழற்றுவதையும் பிறகு பார்க்கலாம்.

கைகோத்து ஆடுவது இயல்பான பிறகு, இருவரும் விரும்பினால், பக்கம் வரலாம். லீட்டின் வலக்கை ஃபொலோவின் இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில், ஃபொலோவின் இடக்கை லீட்டின் முழங்கைக்கு மேலே, மற்ற இரு கைகளும் பக்கத்தில் கோத்தபடி. வேண்டாமென்றால் கடைசி வரை கைதூரத்திலேயே ஆடலாம். அது குறைந்த ஆட்டம் இல்லை.

கேட்பது, மறுப்பது

நம் ஊரில் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடினால் நாலு பேர் கதைப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டே தொடங்குவோம். எனக்குச் சரியாகப் படும் வழி, தெரிந்தவர்களோடு, வீட்டில் பெரியவர்கள் அறிய, கதவு திறந்திருக்கத் தொடங்குவது. பெண்கள் மட்டும் கூடி ஆட விரும்பும் குடும்பங்கள் உண்டு. அப்படியே ஆடட்டும், ஆட்டத்தில் எதுவும் குறையாது.

சோடியாட்டம் மட்டக்களப்புக்கு வந்து இறங்கிய புதுப் பொருளும் இல்லை. இங்குள்ள பறங்கியர் தங்கள் கலியாண வீடுகளில் வயலினும் றபானும் வாசித்துச் சோடியாக கஃப்ரிஞ்ஞா ஆடுகிறவர்கள். நான்கு சோடி சதுரமாக நின்று ஆடும் லான்சர்ஸும் அவர்களிடம் உண்டு. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628 இல். அவர்கள் பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் அதை இழந்தாலும் அவர்கள் வழிவந்த மொழியும் ஆட்டமும் இந்த ஊரில் தங்கிவிட்டன. பறங்கியர் கலியாணம் ஒன்றுக்கு அழைப்பு வந்தால் போங்கள். வயதான ஆட்களும் சின்னப் பிள்ளைகளும் எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு குதூகலமாக ஒருவர் முன் ஒருவர் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். தாளம் வேறு, ஆட்டம் வேறு. ஆனால் சோடியாக ஆடும்போது காட்டும் அந்த மரியாதை புளூஸுக்கும் அப்படியே வேண்டும்.

மரியாதை என்று நான் சொல்வது இவைதான். வாய் திறந்து கேளுங்கள்: “அக்கா, இந்தப் பாட்டுக்கு ஆடுவமா?” கையைப் பிடித்து இழுப்பது எந்த உறவிலும் கூடாது. அவர் “இல்லத் தம்பி, இந்தப் பாட்டுக்கு வேணாம்” என்றால் சரி என்று சிரித்துவிட்டு வாருங்கள். காரணம் கேட்க வேண்டாம், அதே ஆளிடம் அன்று மறுபடி மறுபடி போக வேண்டாம். மறுப்பவரும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. ஆடச் சம்மதித்தால் அது ஒரு பாட்டுக்கான சம்மதம். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி, அவரை அவர் இருந்த இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். ஆடும்போது நோகிறது என்றாலோ நெருக்கம் கூடிவிட்டது என்றாலோ அங்கேயே சொல்லுங்கள், பாதியில் நிறுத்தலாம். ஆடிக்கொண்டே எதிராளிக்குப் பாடம் எடுக்காதீர்கள். கேட்டால் மட்டும், ஆடி முடித்த பிறகு சொல்லலாம். நான்கு பேர் கூடும் இடத்தில் இவற்றை ஒருவர் முதலிலேயே சொல்லிவிட்டால் கூச்சத்தில் பாதி போய்விடும்.

தரை, வெக்கை, வியர்வை

இது சுருக்கம். கடற்கரை மணல் ஆட்டத்துக்கு ஆகாது, பாதம் புதைந்து பல்ஸ் போய்விடும், திரும்பும்போது முழங்கால் நோகும். சீமெந்துத் தரையோ டைல்ஸோ நல்லது. வீட்டுக்குள் வெறுங்காலோடு ஆடும் நமக்கு ஒரு கவனம் வேண்டும். வியர்த்த பாதம் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஊன்றிய காலில் சுழலாமல் காலைத் தூக்கி வைத்துத் திரும்புங்கள். றப்பர் செருப்பு வேண்டாம். மெல்லிய அடியுள்ள சப்பாத்து இருந்தால் போடுங்கள்.

வெயில் சாய்ந்து கடற்காற்று வரும் நேரத்தில் தொடங்குங்கள். ஒரு லேஞ்சியும் மாற்றுச் சட்டையும் கொண்டுபோங்கள், பாட்டுக்குப் பாட்டு கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுபவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள். ஸ்பீக்கர் சத்தம் மூன்று வீடு தாண்ட வேண்டியதில்லை.

முதல் மாலை

நான்கு பேரிலிருந்து எட்டுப் பேர் வரை கூப்பிடுங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை வந்தால் கவலை வேண்டாம், ஒருவர் ஒரு பாட்டுக்கு உட்கார்ந்து கேட்கலாம். ஒன்றரை மணி நேரம் போதும். முதல் அரை மணி வட்டமாக நின்று தனித்தனியாகப் பல்ஸும் நடையும். பிறகு சோடி சேர்ந்து கைப்பழக்கம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் மாற வேண்டும். கணவன் மனைவியாக வந்தவர்களும் மாறுவது நல்லது, ஏனென்றால் பழகிய கைக்குப் பிடிபடாத பிழை புதுக் கைக்கு உடனே தெரியும். மாற விரும்பாதவர்கள் அப்படியே ஆடட்டும். நடுவில் தேத்தண்ணி. கடைசி அரை மணி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஆட்டம் மட்டும். பாட்டுகளை நிமிடத்துக்கு 80 முதல் 100 அடி வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மிக மெதுவான பாட்டு சுலபம் என்று தோன்றும், ஆனால் அடிகளுக்கிடையே உள்ள நீண்ட இடத்தை நிரப்பத் தெரியாமல் புதியவர்கள் தவித்துப்போவார்கள். அவை இரண்டாம் மாதத்துக்கு.

அறுகம்பேப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. அலைச்சறுக்கலுக்கு ஆட்கள் வரும் மாதங்களில் லிண்டி ஹொப் என்ற இன்னொரு சோடியாட்டமோ புளூஸோ ஆடத் தெரிந்த பயணி ஒருவர் வந்து தங்கக்கூடும். விசாரித்துப் பார்த்து, உங்கள் மாலைக்கு அழையுங்கள்.

ஒரு மாதம் போனதும் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஒரு கிட்டார்காரரைத் தேடுங்கள். கோயில் பாடகர் குழுவிலோ பைலா வாசிக்கும் கூட்டத்திலோ ஒருவர் கட்டாயம் அகப்படுவார். ஈ, ஏ, பி7 என்ற மூன்று கோட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகள், அவருக்குத் தெரிந்தால் போதும். நான்கு பார் ஈ, இரண்டு பார் ஏ, இரண்டு பார் ஈ, ஒன்று பி7, ஒன்று ஏ, இரண்டு ஈ. ‘தகிட’ நடையில், அவசரமில்லாமல், ஆடுபவர்கள் போதும் என்று கைகாட்டும் வரை அதையே சுற்றிச் சுற்றி வாசிக்கச் சொல்லுங்கள். பாட வேண்டியதில்லை. முதல் நான்கு பார் முடிந்து ஏ கோட் விழும்போது அறையில் எல்லோருடைய உடம்பும் ஒன்றாக மாறுவதை அவரே பார்ப்பார். அவருக்கும் ஆட ஆசை வரும், ஆகவே கிட்டாரை வாங்கி வாசிக்க இன்னொருவரையும் முதலிலேயே பழக்கி வையுங்கள்.